பதினோராவது தடம்

ஜூலை 5, ஞாயிறு

தம்பி,

நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. இந்த ஐம்பது நாளில் முப்பது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். நேற்று ஒரு வரி அனுப்பியிருந்தாய்: "பேச முடியல அக்கா. எழுதினா பதில் போடறேன்." சரி, எழுதுகிறேன்.

உன்மேல் எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. பத்து வருடம் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து இசை செய்தவன் நீ. உன் மாமா போய் மூன்றாம் நாள்தான் வந்தாய். வந்தும் வாசலிலேயே செருப்போடு நின்றாய், மாடிப்படியில் கால் வைக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த வண்டிக்கு ஓடிவிட்டாய். போஸ்டரில் உன் பெயரைப் போடவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு போனாயே, ஆள் செத்த பிறகுமா அந்தக் கோபம் இருக்கும்? அதை இன்னொரு நாள் பேசலாம். இப்போது வேலை.

மார்ச்சில் ஒரு நாடகத்துக்கு இசை ஒப்புக்கொண்டிருந்தார். போன வாரம் நாடகக்காரர் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நெனக்காதீங்கம்மா. சார் முக்கால்வாசி முடிச்சிட்டேன்னு சொன்னாரு. அது கம்ப்யூட்டர்ல எங்கயாவது இருந்தா…" ஆகஸ்ட் 22 முதல் காட்சியாம். வேறு யாரிடமும் போக மனம் வரவில்லையாம். எனக்கும் அது வெளியே வர வேண்டும். கடைசி மூன்று மாதம் அந்த அறையில் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

கோப்பு கணினியில் இருக்கிறது. திறந்தால் வண்ண வண்ணமாகக் கோடு ஓடுகிறது, சத்தம் வரவில்லை. சாவுக்கு வந்தவர்கள் உட்கார இடம் வேண்டும் என்று யாரோ எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி ஒரு பையில் திணித்துவிட்டார்கள். "உன் சக்களத்தி" என்று நீ கேலி செய்வாயே, அந்தக் கறுப்புப் பெட்டி சுவர் அலமாரியில் அப்படியே இருக்கிறது. கீபோர்டை ஜன்னலோரம் பழைய இடத்திலேயே போட்டுவிட்டேன். மற்றது ஒன்றும் தெரியாது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்க்குச் சீட்டு ஒட்டுகிறவள். எது முதலில், எது அடுத்தது என்று எழுதிக் கொடுத்தால் பிசகாமல் செய்வேன்.

அக்கா

*

ஜூலை 9

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. எனக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்து வாத்தியாரிடம் மாட்டிவிட்ட அதே கையெழுத்து. சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு மாடி ஏறாததற்குக் காரணம் கேட்காதே. முடியவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்கு வருகிறேன். முதலில் ஒன்று புரிந்துகொள். கணினியில் இருப்பது இசை இல்லை. கீபோர்டில் எந்தக் கட்டையை, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தி, எத்தனை நேரம் பிடித்தார் என்ற குறிப்பு மட்டும்தான் அங்கே இருக்கிறது. மிடி என்று சொல்வோமே, அது இதுதான். சத்தம் முழுக்கப் பெட்டிக்குள். குறிப்பு பெட்டிக்குப் போனால்தான் பாட்டு வரும்.

அந்தப் பெட்டி ஒரு ஒண்டுக்குடித்தன வீடு. உள்ளே பதினாறு குடித்தனம், ஆளுக்கொரு கதவு எண். கணினியில் ஓடும் ஒவ்வொரு வண்ணக் கோடும் ஒரு தடம். ஒன்றாம் தடத்தில் இருக்கும் குறிப்பு ஒன்றாம் கதவைத் தட்ட வேண்டும், ஐந்தாம் தடம் ஐந்தாம் கதவை. எண் மாறினால் தவில்காரன் வீட்டுக் கடிதம் புல்லாங்குழல்காரன் வீட்டுக்குப் போய்விடும்.

இனி வரிசையாகச் செய். பெட்டியின் பின்னால் இடது, வலது என்று இரண்டு துளை. அங்கிருந்து இரண்டு கம்பி, ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் மிக்சருக்கு. சதுர முனை உள்ள ஒற்றைக் கம்பி பெட்டியிலிருந்து கணினிக்கு. போக்கு, வரவு இரண்டும் அதில்தான். கீபோர்டின் கம்பியும் கணினிக்கே, பெட்டிக்கு அல்ல. பெட்டியின் முன்பக்கம் ஹெட்போன் செருகியிருந்தால் ஸ்பீக்கர் வாய் திறக்காது, முதலில் அதைப் பிடுங்கு. பெட்டியை 'மல்ட்டி' நிலைக்கு மாற்று. இல்லாவிட்டால் ஒரே ஒரு குடித்தனம்தான் கதவைத் திறந்து எல்லார் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் சத்தத்தைத் தேர்ந்தெடு. ஒன்று, அடிக்குரல் வயலின் கூட்டம். இரண்டு, 'மூச்சு' என்று பெயரிட்ட குழல். மூன்றும் நான்கும் மரத்தட்டு. ஐந்து, தோல் வாத்தியம். ஆறு, கிணற்றுக் காட்சிக்கான கண்ணாடி மணி. ஏழிலிருந்து பத்துவரை வேறு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பத்துக்கு மேல் காலி. அங்கே கை வைக்காதே.

கடைசியாகக் கணினியில் ஒவ்வொரு தடத்திலும் வெளியே போகும் வழியாகப் பெட்டியைக் காட்டி, எண்ணைப் போடு.

இரண்டு கோப்பு இருக்கும். ஏப்ரல் தேதி போட்டதைத் திற. அதுதான் ஒழுங்கானது. மற்றது அரைகுறை.

தம்பி

*

ஜூலை 13

தம்பி,

நேற்று முழுக்க மாடியில்தான். நீ சொன்ன வரிசையில் ஒவ்வொரு கம்பியிலும் சீட்டு ஒட்டிச் செருகினேன். முதல் தடவை பத்துப் பேரும் பியானோவாகவே பேசினார்கள், மல்ட்டி பொத்தானை மறந்திருக்கிறேன். மாற்றியதும் ஒவ்வொருவராக அவரவர் குரலுக்கு வந்தார்கள். ஒன்றாம் எண் வயலின்கள் எழுந்தபோது நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் இருமும் சத்தம் மட்டும்தான் அந்த அறையில் இல்லை.

இரண்டு கோளாறு. நான் கட்டையை அழுத்தினால் அரை வினாடி கழித்துத்தான் கேட்கிறது. அடுத்தது, திடீரென்று ஒரு சுரம் நிற்கவே இல்லை. கையை எடுத்துவிட்டேன், கோப்பையும் நிறுத்திவிட்டேன். அது பாட்டுக்கு ஒரே குரலில் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டம்மா, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ஜன்னலில் கேட்டார். பயந்துபோய் மின்சாரத்தைப் பிடுங்கினேன். போட்டதெல்லாம் அழிந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

கேட்க மறந்துவிட்டேன். பெட்டியின் முன்னால் ஹெட்போன் செருகியே இருந்தது. அவர்தான் ஹெட்போன் போட மாட்டாரே, தலையை வலிக்கிறது என்பாரே?

இன்னொன்று. ஏப்ரல் கோப்பைத் திற என்றாய். அதில் பாதி இசைகூட இல்லை, கிணற்றுக் காட்சியே கிடையாது. அதனால் கடைசிக் கோப்பைத்தான் திறந்தேன். அது மே 14, அவர் போன நாள். சேமித்த நேரம் மாலை 4:52. நான் வேலை முடிந்து ஆறு இருபதுக்கு வீடு வந்தபோது கீபோர்டு பக்கத்தில் தரையில் கிடந்தார். மாரடைப்பு என்ற டாக்டர், நாலரை வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார். "ஒரு அரை மணி நேரம் முன்னாடி யாராவது கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார்.

நாலரைக்குப் போனவர் 4:52க்கு எப்படிச் சேமித்தார்? டாக்டர் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பாரோ?

அக்கா

*

ஜூலை 17

அக்கா,

தாமதத்துக்கு மருந்து: ஒலி அமைப்பில் 'பஃபர்' என்று ஒரு எண் இருக்கும். 1024ஐ 128 ஆக்கு. நிற்காத சுரத்துக்குக் காரணம், கட்டையை விட்டதும் போக வேண்டிய 'நிறுத்து' என்ற குறிப்பு வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால் பெட்டி பாடிக்கொண்டே இருக்கும். மென்பொருளின் மேல் பட்டையில் ஆச்சரியக்குறி போட்ட பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் எல்லாம் அடங்கும். மின்சாரத்தைப் பிடுங்காதே. பெட்டியில் 'எழுது' என்ற பொத்தானை அழுத்திவிட்டால் அமைப்பு அழியாது.

கடிகாரத்தை நம்பாதே. அந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது. உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கும், அது தீர்ந்தால் நேரம் தாறுமாறாகிவிடும். நாள்கூட மாறும். டாக்டரும் கடவுள் இல்லை. இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

கடைசிக் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால் ஒன்று செய். முதல் இருபது நிமிடத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிவிடு. பதினோராவது தடத்தில் இருப்பது வெறும் குப்பை, தூசி பட்டுக் கட்டை தானாக அழுந்தியிருக்கும். பார்க்கவே வேண்டாம். தடத்தை வலது பொத்தானால் தொட்டு, 'நீக்கு'. பிறகு சேமி. முடிந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு. வேலைக்கு நடந்து போகாதே, வெயில் அதிகம்.

தம்பி

*

ஜூலை 20

தம்பி,

கணினிக் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கைக்கடிகாரம், பரிசோதனைக் கூடத்துக் கடிகாரம், ரயில் நிலையத்துக் கடிகாரம் மூன்றோடும் ஒத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடப் பிசகில்லை. இரண்டு மாதமாகத் தாறுமாறாகாத பேட்டரி மே 14 அன்று மட்டும் தாறுமாறாகியிருக்காது.

பதினோராவது தடத்தைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. உன் கடிதம் வரும்வரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பத்துக்கு மேல் காலி என்று முதல் கடிதத்தில் எழுதியவனும் நீதான்.

நீக்கவில்லை. திறந்தேன். பட்டியலாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நேரம், கட்டை, அழுத்தம் என்று மூன்று பத்தி. பரிசோதனை முடிவு மாதிரியே இருப்பதால் எனக்குப் படிக்க வந்தது. கோப்பின் மொத்த நீளம் அறுபத்தைந்து நிமிடம். 4:52இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 3:47க்குப் பதிவு தொடங்கியிருக்கிறது. முதல் இருபத்தொரு நிமிடம் வாசிப்பு. அதில் ஒரே நேரத்தில் பதினாறு கட்டைகள் அழுந்துகிற இடம் இருக்கிறது. என் புருஷனுக்குப் பத்து விரல்தான்.

பிறகு ஆறு நிமிடம் ஒன்றுமில்லை. 4:14க்குப் பதினோராவது தடம் தொடங்குகிறது. ஒரே கட்டைதான், இடது கோடியில் இருக்கும் கடைசிக் கட்டை. நாற்பத்தொரு தடவை. தூசி நாற்பத்தொரு தடவை அழுத்தாது. அழுத்தம் 112, 109, 115 என்று தொடங்குகிறது. நடுவில் அறுபது, ஐம்பது. கடைசிக்கு முந்தியது 16, கடைசி 7. அது 4:21க்கு. அதற்கப்புறம் யாரோ நிறுத்திச் சேமிக்கும்வரை முப்பத்தொரு நிமிடம் வெறும் ஓட்டம்.

பதினோராம் எண்ணுக்கு வயலின் சத்தத்தைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது தடவை அறையே அதிர்ந்தது. பத்தாவதிலிருந்து சத்தம் இல்லை. பெட்டியின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. அது என்ன கோளாறு என்று தெரியவில்லை.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த நாடகம் மார்ச்சில் வந்தது. ஆறாம் எண் கண்ணாடி மணி, அது கிணற்றுக் காட்சிக்கு என்று உனக்கு யார் சொன்னது?

அம்மா அப்பா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தவள் நான். என்னிடம் பொய் சொல்லும்போது உன் வாய் நீளும், அது எனக்குத் தெரியும். மே 14 அன்று நீ இங்கே வந்தாயா?

அக்கா

*

ஜூலை 25

அக்கா,

வந்தேன்.

மாமாதான் கூப்பிட்டார். இரண்டு வருடம் கழித்து அவரே கூப்பிட்டார். "டேய், உன் சத்தம் இல்லாம இது வர மாட்டேங்குது. வந்துட்டுப் போயேன். அக்காகிட்ட சொல்லாத. முடிச்சிட்டு அவளுக்குக் காட்டலாம்" என்றார். ஏப்ரலில் மூன்று தடவை வந்தேன், மே மாதம் அந்த ஒரு தடவை. எல்லாம் நீ வேலைக்குப் போன பிறகு. கண்ணாடி மணி நான் செய்தது. மூச்சும் நான் செய்தது. பத்து வருடத்தில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பாதிச் சத்தம் நான் உருட்டி உருட்டிச் செய்தது.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே கீபோர்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். நீ கேட்ட இருபத்தொரு நிமிடம் அதுதான். அவ்வளவு நன்றாக நாங்கள் வாசித்ததே இல்லை. முடிந்ததும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பதிவு ஓடுவதை யாரும் நிறுத்தவில்லை. அவர் அடுத்த பகுதிக்கென்று புதுத் தடம் ஒன்றைத் திறந்து வைத்தார். அது பதினொன்று.

அந்த நேரத்தில்தான் கேட்டேன், "இந்தத் தடவையாவது என் பேரு இருக்குமா மாமா?" என்று. "அப்புறம் பாக்கலாம்டா" என்றார். பழைய "பாக்கலாம்". எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என் சத்தத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கத்தினேன். பெட்டியில் நினைவட்டையைச் செருகினேன், ஹெட்போனை மாட்டினேன். ஒவ்வொரு சத்தமாகக் கேட்டுக் கேட்டு அட்டைக்கு மாற்றத் தொடங்கினேன். நீயே பார்த்திருப்பாய், பெட்டி இருப்பது சுவர்ப்பக்கம். ஜன்னலுக்கும் கீபோர்டுக்கும் என் முதுகுதான் இருந்தது.

மதியத்திலிருந்தே இடது தோளை நீவிக்கொண்டிருந்தார். நெஞ்செரிச்சல் என்றார். நான் என்ன டாக்டரா?

திரும்பிப் பார்த்தபோது தரையில் கிடந்தார். கை சில்லிட்டிருந்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. பதிவை நிறுத்தினேன். நிறுத்தியதும் சேமிப்பது பத்து வருடப் பழக்கம், கை தானாக அழுத்திவிட்டது. கதவைச் சாத்திவிட்டு ரயிலடிக்கு நடந்தேன். உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன், நான்கு தடவை எடுத்தேன். என்ன சொல்வேன்? நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தெரியவில்லை என்றா?

காதை அடைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. அதுதான் நான் செய்த தப்பு. கேட்டிருந்தால் திரும்பியிருக்க மாட்டேனா?

பத்தாவதிலிருந்து சத்தம் வராதது பெட்டியின் கோளாறு. பழைய பெட்டி, அது அப்படித்தான். அதை நோண்டாதே.

தம்பி

*

ஆகஸ்ட் 2, ஞாயிறு

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். 'திரும்பியிருக்க மாட்டேனா' என்ற வரியில் வந்து நின்றுவிடுவேன். மூன்றாம் நாள் எனக்கே ஒரு மாதிரி இரக்கம் வந்தது. சண்டைக்காரன், பயந்தாங்கொள்ளி, ஆனாலும் கேட்டிருந்தால் திரும்பியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி எழுதலாம் என்று தாளும் எடுத்து வைத்தேன்.

நேற்று நாடகக்காரர் தன் குழுவில் ஒலி பார்க்கும் பெண்ணை அழைத்து வந்தார். பத்துத் தடத்தையும் சத்தமாகப் பதிவு செய்து எடுத்துக்கொள்ள. நல்ல பெண், கை சுத்தம். ஒவ்வொரு குடித்தனத்தையும் தனித்தனியாகப் பேச வைத்துப் பதிவு செய்தாள். எல்லாம் முடிந்தபின், பதினொன்றில் பாதியில் சத்தம் போய்விடுகிறது, பெட்டியில் கோளாறாம், பார்க்கிறாயா என்று கேட்டேன். அது என்ன என்று அவளுக்குச் சொல்லவில்லை.

தடத்துக்குக் கீழே ஒரு மடிப்பை இழுத்துத் திறந்தாள். "கோளாறு இல்ல ஆன்ட்டி. இங்க பாருங்க, வால்யூம் கோடு. நூறுல இருக்கு. இங்க வந்ததும் சரசரன்னு எறங்கிப் பூஜ்யத்துக்குப் போயிடுச்சு. பெட்டியில இந்த எண்ணுக்கு ஒரு குமிழ் இருக்குல்ல, அதைத் திருகினா அந்தத் திருகலும் பதிவாகிடும். ஓடிட்டு இருக்கறப்ப யாரோ கையால கொறைச்சிருக்காங்க" என்றாள். "வேணும்னா கோட்ட மேல தூக்கிடட்டா? முழுசா கேக்கும்" என்றாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அவர்கள் போனபின் ஜன்னலோரம் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து பெட்டியின் குமிழ் ஏழு தப்படி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டையை அடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து போய்க் குமிழைத் திருகிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்திருக்க முடியாது. வீட்டில் இருந்தது இரண்டு பேர்.

ஹெட்போன் காதை அடைக்கவில்லை. அவர் அடித்த ஒவ்வொரு அடியும் அந்த ஹெட்போனுக்குத்தான் வந்தது. ஒன்பது தடவை உன் காதுக்குள் அடித்திருக்கிறார். நீ கேட்டிருக்கிறாய்.

மீதி முப்பத்திரண்டு தடவை யாருக்கு அடித்தார் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு மட்டும் பதில் எழுது. வாயை நீட்டாதே.

அக்கா

*

ஆகஸ்ட் 6

அக்கா,

என் கைதான்.

நான் கேட்டுக்கேட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது நடுவில் அந்த அடி வந்து விழுந்தது. என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். பழைய காலத்திலும் அப்படிச் செய்வார், நான் கோபித்துக்கொண்டு ஹெட்போனைப் போட்டால் கடைசிக் கட்டையைத் தட்டித் தட்டிச் சிரிக்க வைப்பார். அன்றைக்குச் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். "அடிங்க, நல்லா அடிங்க" என்று சொல்லிக்கொண்டே, திரும்பாமலேயே, குமிழைத் திருகினேன். அவருக்குக் கேட்டிருக்கும். எனக்குத்தான் ஹெட்போன், அவர் காது திறந்துதான் இருந்தது.

பிறகு நிம்மதியாக வேலை பார்த்தேன். நிம்மதியாக என்றுதான் எழுத வேண்டும், அதுதான் உண்மை.

நான் ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னால் அவர் என்னிடம் ஒன்று சொன்னார். கடைசியாகப் பேசியது அதுதான். அதை எழுத என் கை வரவில்லை.

அந்த நினைவட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதைப் போட்டுப் பார்க்கவில்லை. வேலையை விட்டுவிட்டேன். டப்பிங் கூடத்தில் நாள் முழுக்க ஹெட்போன் மாட்ட வேண்டியிருக்கிறது, மாட்டினால் அந்த அடி கேட்கிறது, கழற்றினாலும் கேட்கிறது. என் சாமான்களை எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அறை இப்போது சுத்தமாக இருக்கிறது. என்னைப் பெற்றவளுக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டாய். அதற்கு நான் செய்தது இது.

மன்னிப்புக் கேட்கவில்லை. இனி உனக்கு எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஆகஸ்ட் 10, ரயில் நிலையம், மதியம் 1:40

தம்பி,

இதை நான் தபாலில் போடவில்லை. எழுதி முடித்ததும் படமெடுத்து, நீ வாடகை கொடுக்கும் வீட்டுக்காரம்மாவின் போனுக்கு அனுப்பப் போகிறேன். உன் அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவர் படிப்பார். நீ திறக்க வேண்டாம், உள்ளேயிருந்து கேட்டால் போதும்.

உன் கடிதம் பதினொன்றரைக்கு வந்தது. உடனே டப்பிங் கூடத்துக்குப் போன் போட்டேன், நீ வேலைக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது என்றார்கள். பிறகு வீட்டுக்காரம்மா. "தட்டினேங்க. 'இருக்கேன்'னு மட்டும் கொரல் குடுத்தாரு. ரெண்டு நாளா சாப்பாடு வெளிய வச்சது வச்சபடியே இருக்கு" என்றார். அவரை அந்த இடத்தைவிட்டு நகர வேண்டாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொள்ளச் சொன்னேன். நீ பதில் குரல் கொடுக்காவிட்டால் கதவை உடைத்துவிடுவார்கள், அதற்கும் சொல்லிவிட்டேன். அவர்களைச் சிரமப்படுத்தாதே.

உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு வார்த்தை வரவில்லை. வந்தாலும் சொல்ல மாட்டேன். நேற்று டாக்டரைப் போய்ப் பார்த்தேன். 4:15க்கே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "பொழச்சிருக்கலாம்மா. பொழைக்காமலும் போயிருக்கலாம். இத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போதும் தெரியவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் அறைவேனா, கட்டிக்கொள்வேனா, திரும்பி அடுத்த வண்டியில் ஏறிவிடுவேனா, அதுவும் தெரியவில்லை. மன்னிப்பது இருக்கட்டும். அதற்கு எத்தனை வருடம் ஆகுமோ, ஆகாமலேயே போகுமோ.

நாடகக்காரரிடம் இரண்டு பெயரும் போடச் சொன்னேன். உனக்காக இல்லை. அதை வாசித்தது நான்கு கை, அது உண்மை, அதனால்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் விரல் பட்டதை எல்லாம் அந்தக் கணினி எழுதி வைத்திருக்கிறது. எத்தனை நொடி, எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால் சொல்லும். ஆனால் அவர் வாயால் பேசியது ஒரு எழுத்துகூட அதில் கிடையாது. காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்து "பாத்துப் போ" என்றார், எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் மாலைவரை அவர் பேசியது எல்லாம் உன்னிடம். கடைசியாகச் சொன்னதும் உன்னிடம். அது என்மேல் கோபமாக இருக்கலாம், உன்மேல் வசவாக இருக்கலாம், நெஞ்சு வலிக்கிறது என்பதாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் அது என் புருஷன் பேசியது. உலகத்தில் அது வேறு எங்கேயும் இல்லை, உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

எழுத வேண்டாம். உன் கை வரவில்லை என்றாய், வர வேண்டாம். நான் எதிரில் உட்காருகிறேன், நீ வாயைத் திறந்து சொல்.

அதை என்னிடம் கொடுக்காமல் நீ எங்கேயும் போகக் கூடாது. கேட்கிறதா? எங்கேயும்.

வண்டி வந்துவிட்டது. ஐந்து மணி நேரம். வீட்டுக்காரம்மா இதைப் படித்து முடித்ததும், கேட்டது என்பதற்கு உள்ளேயிருந்து கதவை ஒரு தடவை தட்டு. அவர் என்னிடம் சொல்லுவார்.

அக்கா